மோதவிடுவது யார்?

காரிமங்கலம் சந்தைக்கோ நல்லம்பள்ளிச் சந்தைக்கோ போய் வருகிற உழைப்பாளி மக்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. வாசலில் ஒரு பக்கம் ஒருவன் சாட்டையைச் சுழற்றித் தன் உடம்பிலேயே அடித்துக்கொள்கிறான். கைக்குழந்தையைத் தோளில் கட்டிக்கொண்டு அவன் மனைவி உறுமியைத் தேய்க்கிறாள். பத்தடி தள்ளி, தள்ளுவண்டியில் ஒலிபெருக்கிப் பெட்டியை வைத்துக்கொண்டு பார்வையற்ற ஒருவர் சினிமாப் பாட்டுப் பாடுகிறார். உறுமி ஓங்கினால் பாட்டு அமுங்குகிறது. பெட்டியின் சத்தத்தைக் கூட்டினால் உறுமி கேட்பதில்லை. ஆகவே இருவரும் ஓங்குகிறார்கள். தக்காளிக் கூடையை இறக்கிவிட்டுக் கையில் பத்து ரூபாயுடன் வருகிற விவசாயியின் பார்வை எந்தப் பக்கம் திரும்புகிறதோ, அந்தப் பக்கம் அன்றைக்கு டீ, பன்!

இதை வேடிக்கை என்று சிரித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. பஞ்சாலை வாசலில் பதிலியாகக் காத்து நின்றவன் சிரிக்க மாட்டான். "நீ வராவிட்டால் போ, இவன் வருவான்" என்று மேஸ்திரி சொல்லும்போது, பக்கத்தில் நிற்பவனை முறைத்துப் பார்த்த அனுபவம் அவனுக்கு உண்டு.

சந்தையில் சில்லறைக்கு நடக்கிற இந்தப் போட்டிதான் திருவிழாக் காலத்தில் ஆயிரங்களில் நடக்கிறது. பங்குனியில் தொடங்கி ஆடிப் பதினெட்டு வரை, தருமபுரி ஜில்லாவின் மேளக்காரன் மேளத்தால் பிழைப்பது இந்த நாலைந்து மாதம்தான். மற்ற நாளில் அவன் கரும்பு வெட்டுகிறான். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போகிறான். திருப்பூர் பனியன் கம்பெனியில் நிற்கிறான். அதாவது, அவன் நம்மவன். மரத்தில் ஒன்றும் வெண்கலத்தில் ஒன்றுமாகச் சேர்த்துக் கட்டிய பம்பையை இடுப்பில் மாட்டும்போது அவனைக் கலைஞன் என்கிறார்கள். கூலி பேசும்போது அந்தப் பட்டம் போய்விடுகிறது.

விழாக் கமிட்டிப் பெரியவர்கள் எப்படிப் பேசுகிறார்கள்? பம்பைக் குழு ஒன்பதாயிரம் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். "பக்கத்து ஊர்க் குழு ஏழுக்கு வருகிறது" என்பார்கள். ஏழுக்கு இறங்கியதும், "பேண்டு செட் ஆறுக்குத் தயார்" என்பார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தறியாத இரு குழுக்களும் அன்றிலிருந்து பகை! நடுவில் ஏஜெண்டு தன் கமிஷனை எடுத்துக்கொள்கிறார். மிச்சத்தை ஏழெட்டுப் பேர் பங்கிட்டால், விடியவிடிய அடித்த கைக்கு என்ன தேறும்? அதே விழாவில் மேடையேறும் சினிமாப் பாட்டுக் கச்சேரிக்கு மட்டும் பேரம் கிடையாது, முன்பணம் உண்டு.

செண்டை மேளம் வந்துதான் நம் மேளம் கெட்டது என்று சிலர் கிளப்புகிறார்கள். இது விஷமப் பிரசாரம். கேரள வேட்டி கட்டிச் செண்டை அடிக்கிறவனும் அன்றாடக் கூலிக்குத்தான் அடிக்கிறான். அவர்களில் பலர் நம் ஊர்ப் பிள்ளைகளே.

பறையின் கதை இன்னும் கசப்பானது. சாவு வீட்டில் பறையடிப்பது ஒரு சாதியின் கடமை என்று ஊர்ப் பெரிய மனிதர்கள் விதித்தார்கள். கூலி என்று ஒன்று கிடையாது. களத்தில் கொஞ்சம் தானியம், கொஞ்சம் சாராயம். கூலியில்லாமல் அடிக்க மாட்டோம், இழிவாக அழைத்தால் வர மாட்டோம் என்று இளைஞர்கள் நிமிர்ந்த இடங்களில் வெளியூர் மேளம் இறக்கப்பட்டது. வேலைநிறுத்தத்தை உடைக்கக் கருங்காலிகளை லாரியில் ஏற்றி வரும் முதலாளியின் தந்திரம் இதுதானே? வந்தவனைத் திட்டிப் பயனில்லை. அவன் வீட்டிலும் உலை கொதிக்கவில்லை. அவனிடம் போய்ப் பேச வேண்டும்.

இந்த மண்ணிலேயே ஒரு பழைய கதை உண்டு. தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியிடம் பெருஞ்சித்திரனார் என்ற புலவர் வந்தார். மன்னன் அவரைப் பார்க்காமலே, பரிசை மட்டும் கொடுத்து அனுப்பச் சொன்னான். புலவர் தொட மறுத்துவிட்டார். முகம் பாராமல் தருவதை வாங்கிப் போக நான் வியாபாரியல்ல, தகுதியறிந்து கொடுத்தால் தினையளவும் போதும் என்றாராம். புறநானூற்றின் 208ஆம் பாட்டு இதைச் சொல்கிறது. தினையளவு போதும் என்பதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது. இன்றைய விலைவாசியில் அது நடக்காது! ஆனால் பரிசை விட்டெறிகிற கைக்கு எதிரே அந்தப் புலவர் காட்டிய ரோஷம் இன்று மேளக்காரனுக்கு வேண்டும்.

தெருவில் வாசிப்பவனைத் தொல்லை என்று விரட்டுவது உலகம் முழுக்க மேட்டுக்குடியின் வழக்கம். லண்டனில் 1864ல் இதற்கென்றே சட்டம் போட்டார்கள். கணித மேதை சார்லஸ் பாபேஜ் அதற்காக மும்முரமாக நின்றார். விரட்டப்பட்டவர்களில் பலர் இத்தாலியிலிருந்து பிழைக்க வந்த ஏழைகள். 1959ஆம் ஆண்டு பம்பாய்ப் பிச்சைத் தடுப்புச் சட்டமோ, பொது இடத்தில் பாடி, ஆடிக் காசு வாங்குவதையும் பிச்சைக் கணக்கில் சேர்த்தது. அது டில்லிக்கும் நீட்டப்பட்டிருந்தது. பிச்சையைக் குற்றமாக்கிய அதன் ஷரத்துக்களை டில்லி ஹைகோர்ட் ரத்துசெய்ய 2018 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்போது எல்லா மேளத்தையும் ஒரே அடியில் அமுக்க, லாரி நிறையப் பெட்டிகளோடு 'டி.ஜே.' வந்திருக்கிறது. இயந்திரம் வந்தால் இசைத் தொழிலாளி என்ன செய்வது? அமெரிக்காவில் இதே கேள்வி எழுந்தது. இசைத்தட்டும் ரேடியோவும் பரவி, ஹோட்டலிலும் கொட்டகையிலும் வாசித்தவர்கள் வேலையிழந்தார்கள். பிடில்காரரும் டிரம்பெட்காரரும் ஒருவரையொருவர் குறைகூறிக்கொண்டிருக்கவில்லை. ஜேம்ஸ் பெட்ரில்லோ தலைமையில் இருந்த அமெரிக்க இசைக் கலைஞர் சம்மேளனம், 1942 ஆகஸ்ட் 1 முதல் இசைத்தட்டுக்கு வாசிக்க மாட்டோம் என்று அறிவித்தது. பெட்ரில்லோ நம் கொள்கைக்காரர் அல்ல. ஆனாலும் ஸ்தாபன பலம் என்றால் என்ன என்று காட்டினார். டெக்கா கம்பெனி 1943ல் பணிந்தது. ஆர்.சி.ஏ. விக்டரும் கொலம்பியாவும் 1944 நவம்பரில் பணிந்தன. விற்கிற தட்டுக்கு இவ்வளவு என்று சங்க நிதிக்குப் பணம் வந்தது. அந்த நிதியில் வேலையில்லாத இசைக்காரர்களுக்குக் கூலி கொடுத்து, ஜனங்கள் இலவசமாகக் கேட்கக் கச்சேரிகள் நடந்தன.

இங்கே நிலைமை என்ன? 2007ல் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் அமைந்தது. நல்லது. ஆனால் 2020லும் 2021லும் கொரோனா ஊரடங்கில் சரியாகத் திருவிழா மாதங்கள் பறிபோனபோது, வாரியத்தின் பெயரே கேள்விப்படாத மேளக்காரர்கள் கிராமம்தோறும் இருந்தார்கள். மண்டலக் கலை பண்பாட்டு மையம் சேலத்தில் இருக்கிறது. பென்னாகரத்து மலையடியிலிருந்து ஒருவன் மனுக் கொடுக்கப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். அதிகாரிகள் தாலுகாவுக்குத் தாலுகா முகாம் போட்டு, சந்தை வாசலில் பாடுகிறவரையும் சாட்டையடிப்பவரையும் சேர்த்துப் பதிவுசெய்ய வேண்டும். சர்க்கார் விழாக்களுக்கு ஏஜெண்டு மூலம் குழு எடுப்பதை நிறுத்தி, பதிவுப் பட்டியலிலிருந்து முறைவைத்துக் கூப்பிட வேண்டும்.

நம் பங்கும் இருக்கிறது, தோழர்களே! விழாக் கமிட்டியில் நாமும் உட்காருகிறோம். நம் சங்கங்களின் ஊர்வலத்துக்கும் பறை வேண்டியிருக்கிறது. 1958ல் தேவிகுளம் இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூஸுக்காக ஊர் ஊராகப் பாடிய பாவலர் வரதராசனை இன்றும் பெருமையோடு சொல்லுகிறோம். கூலி உயர்வு கேட்டுப் போகிற ஊர்வலத்துக்கு மேளம் அமர்த்தும்போது, "பக்கத்து ஊர்க் குழு குறைவுக்கு வருகிறதே" என்ற பேச்சு நம் வாயிலிருந்து வரலாமா?

பங்குனி பிறக்குமுன்னே பம்பை, பறை, நாதஸ்வரம், உறுமி, பேண்டு, செண்டை அத்தனை பேரும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்து, தாலுகாவுக்கு ஒரு ரேட் தீர்மானிக்கட்டும். இரவுக்கு இவ்வளவு, வண்டிச் சத்தம் தனி, அந்த ரேட்டுக்குக் கீழே எவரும் இறங்குவதில்லை, ஒரு ஊர் ஒரு குழுவை அவமதித்தால் வேறு குழு அங்கே போவதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடட்டும். அரூர், பாலக்கோடு, பென்னாகரம் தோழர்கள் அந்தக் கூட்டங்களுக்குச் சங்க அலுவலகத்தைத் திறந்துவிடுங்கள். டீச் செலவையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.