வெளிநாட்டு ஏர்லைன்ஸில் ஆஃபர் வந்தாலும் இந்திய பைலட் உடனே கிளம்ப முடியாது... ஏன்?

விம்கோ நகர் டெப்போவில் மெட்ரோ ஏறினால், வண்டி மாறாமலே மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் இறங்கலாம். நீல வழித்தடத்தின் ஒரு முனை வடசென்னை, மறுமுனை விமான நிலையம். விம்கோ நகருக்கு அடுத்த புறநகர் ரயில் ஸ்டேஷன்தான் எங்கள் காத்திவாக்கம். இந்தப் பக்கம் "ஃபாரின் வேலை" என்றால் பெரும்பாலும் கப்பல் வேலை, இல்லையென்றால் கல்ஃபில் ஃபிட்டர், வெல்டர். சில மாத கான்ட்ராக்ட் முடிந்து ஆள் ஊருக்கு வருவார், மறுபடி போவார். குடும்பம் இங்கேயேதான் இருக்கும்.

பைலட் வேலை அப்படியில்லை. மனைவி, குழந்தை, கேஸ் கனெக்‌ஷன் வரை எல்லாவற்றையும் எடுத்துக் கட்டிக்கொண்டு போகிற வேலை அது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மகன் இந்திய ஏர்லைன்ஸ் ஒன்றில் கோ-பைலட். கல்ஃப் ஏர்லைன்ஸ் ஒன்றில் இன்டர்வியூ முடிந்து ஆஃபர் லெட்டரும் வந்துவிட்டது. ஆனால், ஆறு மாதம் கழித்துத்தான் கிளம்ப முடியும். ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அப்பாவுக்கு இது புரியவே இல்லை. "ஒரு மாச நோட்டீஸ் குடுத்தா கணக்கை செட்டில் பண்ணி அனுப்பப் போறான். இதுல என்னடா ஆறு மாசம்?"

நியாயமான கேள்விதான். பதில் கொஞ்சம் நீளம்.

ஆறு மாதம் யார் வைத்த கணக்கு?

மற்ற தனியார் வேலைகளில் நோட்டீஸ் காலம் என்பது கம்பெனிக்கும் ஊழியருக்கும் நடுவில் உள்ள விஷயம். பைலட்டுகளுக்கு மட்டும் அது அரசு விதி. இந்திய விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பான டிஜிசிஏ, 2009-இல் பைலட்டுகளுக்கு ஆறு மாத நோட்டீஸ் காலத்தைக் கொண்டுவந்தது. 2017 ஆகஸ்டில் அதைத் திருத்தியது. அதன்படி கமாண்டர், அதாவது கேப்டன், ஒரு வருடம் முன்பே சொல்ல வேண்டும். கோ-பைலட்டுக்கு ஆறு மாதம். நிறுவனமே மனமிறங்கி என்ஓசி கொடுத்து ராஜினாமாவை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டால்தான் இந்தக் காலம் குறையும்.

டிஜிசிஏ சொல்லும் காரணம் இரண்டு. ஒரு பைலட்டைப் பயிற்சி கொடுத்துப் பயணிகள் விமானத்தில் உட்கார வைக்க எட்டு, ஒன்பது மாதம் ஆகிறது. பைலட்டுகள் கூட்டமாகத் திடீரென்று விலகினால் விமானங்கள் ரத்தாகிப் பயணிகள் ஏர்போர்ட்டில் தவிக்கிறார்கள்.

இது வெறும் காகிதக் கவலை இல்லை. 2022 ஆகஸ்டில் பறக்கத் தொடங்கிய ஆகாசா ஏர், ஒரே வருடத்தில் 43 பைலட்டுகள் நோட்டீஸ் காலத்தை முடிக்காமல் போய்விட்டார்கள் என்று டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. விமானங்களை ரத்து செய்ய வேண்டிய நிலை என்றும் முறையிட்டது. டிஜிசிஏவின் பதில்தான் சுவாரசியம். தனிப்பட்ட வேலை ஒப்பந்தங்களில் தலையிடத் தங்களுக்கு அதிகாரம் இல்லை என்றது. விதியை எழுதியதும் அவர்கள்தான், தலையிட மாட்டோம் என்றதும் அவர்கள்தான்!

சரி, ஏன் கிளம்புகிறார்கள்?

வருமான வரி இல்லாத சம்பளம் முதல் காரணம், அதை மறைக்க வேண்டியதில்லை. பெரிய கல்ஃப் ஏர்லைன்ஸ்கள் வீடு, பிள்ளைகளின் படிப்புச் செலவு, மருத்துவக் காப்பீடு என்று சேர்த்தே பேசுகின்றன. ஆனால், பணம் மட்டும்தான் காரணம் என்று சொன்னால் பாதிக் கதை விட்டுப்போகும்.

2025 டிசம்பர் முதல் வாரம் ஞாபகம் இருக்கிறதா? இண்டிகோ ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்களை ரத்து செய்தது. பைலட்டுகளின் வாராந்திர ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர்த்தி, நள்ளிரவு நேர லேண்டிங்கை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்த விதி நவம்பர் 1-இல் முழுமையாக அமலானது. அதற்கேற்ற ஆள்பலம் நிறுவனத்திடம் இல்லை. கடைசியில் விதியிலிருந்தே தற்காலிக விலக்கு கொடுக்க வேண்டிவந்தது. களைப்பைக் குறைக்க வந்த விதிக்கே அந்தக் கதி என்றால், விமானம் ஓட்டுகிறவர் என்ன நினைப்பார்?

எங்கள் பக்கத்துக்கு என்றே இன்னொரு காரணமும் உண்டு. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் அம்மோனியா கசிந்தபோது, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் இன்னும் அதை மறக்கவில்லை. சாம்பலும் புகையும் இல்லாத ஊரில் பிள்ளை வளர வேண்டும் என்று ஒரு அம்மா நினைத்தால், அதற்கு சம்பள ஸ்லிப் தேவையில்லை.

இந்தியா ஏன் கோபப்படுகிறது?

இந்திய ஏர்லைன்ஸ்கள் வாங்க ஆர்டர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் விமானங்கள் 1,700-க்கும் மேல். ஏர் இந்தியா 2023 பிப்ரவரியில் 470, இண்டிகோ அதே ஆண்டு ஜூனில் 500 என்று ஆர்டர் கொடுத்தன. அடுத்த 15, 20 வருடங்களில் 30,000 பைலட்டுகள் தேவைப்படுவார்கள் என்கிறார் விமானப் போக்குவரத்து அமைச்சர் ராம் மோகன் நாயுடு. இந்த நிலையில், அனுபவமுள்ள பைலட்டுகளை வெளிநாட்டு நிறுவனங்கள் கொத்தாக அள்ளிச் செல்வது நம் துறையின் வளர்ச்சியைத் தடுக்கிறது, நாடுகளுக்குள் ஒரு நடத்தை நெறிமுறை வேண்டும் என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பிடம் இந்தியா 2025 ஆகஸ்டில் அறிக்கை கொடுத்தது. பயிற்சி கொடுப்பது நாம், பறிப்பது அவர்கள் என்பதே அதன் சாரம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 2023-இல் மட்டும் இந்தியா 1,622 கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் வழங்கியது, அது சாதனை எண்ணிக்கை. அந்த லைசென்ஸ் கையில் இருந்தும் வேலை கிடைக்காமல் காத்திருக்கும் பிள்ளைகள் ஏராளம். பற்றாக்குறை அனுபவமுள்ளவர்களில்தான். அந்த லைசென்ஸுக்கான பல லட்சத்தை அரசோ ஏர்லைன்ஸோ பெரும்பாலும் கொடுப்பதில்லை. வீட்டை அடமானம் வைத்து அப்பா கட்டுகிறார். "நாம் பயிற்சி கொடுத்தோம்" என்பதில் அந்த "நாம்" யார் என்று கேட்கத் தோன்றுகிறது.

இன்னொன்றும் இடிக்கிறது. 2019 ஏப்ரல் 17-இல் ஜெட் ஏர்வேஸ் கடைசியாகப் பறந்தது. 2023 மே 3-இல் கோ ஃபர்ஸ்ட் நின்றது. ஆறு மாதம், ஒரு வருடம் என்று எந்த பைலட்டுக்கும் நோட்டீஸ் வரவில்லை. ஜெட் ஊழியர்கள் சம்பள பாக்கியோடு தெருவில் நின்றார்கள். போகிறவருக்கு மட்டும் ஒரு வருடப் பூட்டு, மூடுகிறவருக்கு ஒரே நாள். பயணிகளின் நலன் என்ற வாதம் எனக்குப் புரிகிறது. ஆனால், பூட்டுக்கு இரண்டு பக்கமும் சாவி இருக்க வேண்டாமா?

இன்டர்வியூவில் என்னதான் கேட்கிறார்கள்?

விமானம் ஓட்டத் தெரியுமா என்பது கேள்வியே இல்லை. அது லாக்புக்கில் இருக்கிறது. ஒரு மணி நேரக் கணக்கு இடித்தாலும் குடைவார்கள், அது வேறு. ஆப்டிட்யூட் டெஸ்ட், குழுவாக ஒரு பிரச்சினையைத் தீர்ப்பது, தனி நேர்காணல், கடைசியில் சிமுலேட்டர் என்று போகும். சிமுலேட்டரில் ஆட்டோபைலட்டை அணைத்துவிட்டுக் கையால் ஓட்டச் சொல்வார்கள். டேக்-ஆஃப் நேரத்தில் ஒரு இன்ஜினை நிறுத்துவார்கள். துல்லியத்தைப் பார்ப்பதோடு, பக்கத்து சீட்காரரிடம் எப்படிப் பேசுகிறீர்கள் என்பதையும் குறித்துக்கொள்வார்கள்.

நேர்காணலில் எதிர்பார்க்க வேண்டிய கேள்வி: "கேப்டன் தவறு செய்கிறார் என்று தெரிந்தபோது என்ன செய்தீர்கள்?" நம்மூர்ப் பிள்ளைகள் தடுமாறக்கூடிய இடம் இது. பெரியவரை மறுத்துப் பேசாதே என்று சொல்லி வளர்த்த வாய், "சார், அவர் சீனியர், அதனால..." என்று இழுத்தால் கதை முடிந்தது. 1977 மார்ச் 27-இல் டெனரீஃப் ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். மற்ற விமானம் இன்னும் ஓடுபாதையை விட்டு விலகவில்லையோ என்று கேஎல்எம் காக்பிட்டிலேயே ஃப்ளைட் இன்ஜினியர் சந்தேகம் கேட்டார். கேப்டன் தள்ளிவிட்டுக் கிளம்பினார். அந்தக் கேள்வியை இன்னொரு முறை, இன்னும் சத்தமாகக் கேட்கிற ஆளைத்தான் இன்டர்வியூ போர்டு தேடுகிறது.

இந்தியாவில் பெரும்பாலான கோ-பைலட்டுகள் ஓட்டுவது ஏர்பஸ் ஏ320 வகை. எமிரேட்ஸின் பயணிகள் விமானங்களில் அந்த வகையே கிடையாது. 777, ஏ380, ஏ350 மட்டும்தான். அங்கே போனால் முதலிலிருந்து புது ரகப் பயிற்சி. அந்தச் செலவுக்கு ஈடாகச் சில வருட ஒப்பந்தம் போடுவது இந்தத் துறையில் வழக்கம். ஆஃபர் லெட்டரில் சம்பளத்தைப் பார்ப்பதற்கு முன் அந்தப் பக்கத்தைப் படியுங்கள். நடுவில் ஏஜென்ட் என்று யாராவது பணம் கேட்டால், பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

குடும்பத்தோடு போகும்போது மாட்டுகிற இடங்கள்

முதலில் பெயர். தமிழ்நாட்டில் நமக்கு இனிஷியல்தான், சர்நேம் கிடையாது. ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் 21 முதல், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு விசிட், டூரிஸ்ட் விசாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. நேரில் வரச் சொல்லும் தேர்வுக்கே இது குறுக்கே நிற்கலாம். மனைவியின் டிகிரி சான்றிதழில் அப்பா இனிஷியல், பாஸ்போர்ட்டில் கணவர் பெயர், குழந்தையின் பிறப்புச் சான்றில் மூன்றாவதாக ஒரு ஸ்பெல்லிங்... இப்படி ஒரு வீடாவது உங்களுக்குத் தெரியும்தானே? ஆஃபர் வந்த பிறகு திருத்த ஆரம்பித்தால் ஆறு மாதமும் அதிலேயே போகும்.

அடுத்து அட்டெஸ்டேஷன். கல்யாணச் சான்று, பிறப்புச் சான்று எல்லாம் மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம் என்று முத்திரை வாங்க வேண்டும். சவுதி, ஓமன், பஹ்ரைன் போகிறவர்களுக்கு அப்போஸ்டில் போதும். அமீரகமும் கத்தாரும் அந்த ஒப்பந்தத்தில் இல்லாததால் தூதரக முத்திரையும் சேர்த்து வேண்டும்.

வரி விஷயத்தைப் பலரும் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். வேலைக்காக வெளிநாடு போகும் இந்தியக் குடிமகன், அந்த நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்திருந்தால், அந்த ஆண்டுக்கு இந்தியாவில் வசிப்பவர்தான். அப்படியானால் அங்கே வாங்கும் வரியில்லாச் சம்பளமும் இங்கே வரிக் கணக்குக்குள் வர வாய்ப்பு உண்டு. ஏப்ரலிலிருந்து எண்ணினால் செப்டம்பர் கடைசி வாரத்துக்கு முன் கிளம்பியிருக்க வேண்டும், இடையில் லீவில் வந்துபோகும் நாட்களும் எண்ணிக்கையில் சேரும். ஏப்ரலில் ராஜினாமா கொடுத்த கோ-பைலட்டுக்கு ஆறு மாதம் எங்கே முடியும்? அக்டோபரில்! ஆடிட்டரிடம் கேட்காமல் ராஜினாமா தேதியை எழுதாதீர்கள்.

மனைவியின் வேலை பற்றி எந்த ஆஃபர் லெட்டரும் பேசுவதில்லை. இங்கே வங்கியிலோ ஐடியிலோ பத்து வருட அனுபவம் உள்ளவர், அங்கே கணவரின் விசாவில் வந்தவராக ஆரம்பத்திலிருந்து தேட வேண்டும். அந்த விசாவே கணவரின் வேலையோடு கட்டப்பட்டது. 2020-இல் கொரோனா வந்தபோது எமிரேட்ஸ் நூற்றுக்கணக்கான பைலட்டுகளை வேலையை விட்டு அனுப்பியது. வேலை போனால் குறிப்பிட்ட அவகாசத்துக்குள் வேறு வேலை தேட வேண்டும், இல்லையென்றால் குடும்பமே பெட்டி கட்ட வேண்டும். கப்பலுக்குப் போகிறவருக்கு வேலை போனாலும் காத்திவாக்கத்தில் வீடு அப்படியே இருக்கும், பிள்ளை அதே ஸ்கூலுக்குப் போகும். இந்த வித்தியாசத்தை ஓய்வுபெற்ற அந்த அப்பாதான் முதலில் சொன்னார், நான் இல்லை.

அந்த வீட்டில் இப்போது ஒரு ஏற்பாடு பேசி முடிவாகியிருக்கிறது. மார்ச் முதல் வாரம் ராஜினாமா, செப்டம்பர் முதல் வாரம் மகன் மட்டும் போகிறான். துபாயில் சிபிஎஸ்இ பள்ளிகளின் ஆண்டு ஏப்ரலில்தான் தொடங்கும் என்பதால், ப்ரொபேஷனைத் தாண்டிய பிறகு மனைவியும் பேத்தியும் அடுத்த மார்ச்சில் போவார்கள். மருமகள் தன் வேலையை விடவில்லை, சம்பளமில்லா லீவ் கேட்டிருக்கிறார். பாஸ்போர்ட்டில் பேத்தியின் இனிஷியலை விரித்து எழுத அப்பாயின்ட்மென்ட் போட்டிருக்கிறார்கள். தாத்தாதான் கூட்டிக்கொண்டு போகிறாராம்.