இருநூறு கிலோமீட்டரும் ஐந்து வேளைத் தொழுகையும்



அண்மைக் காலமாக நம் பகுதி இளைஞர் சிலரிடம் நெடுந்தூர சைக்கிள் பயண ஆர்வம் வளர்ந்து வருகிறது. ஒரே நாளில் இருநூறு கிலோமீட்டர், அடுத்து முந்நூறு, ஆண்டு முடிவதற்குள் அறுநூறு எனத் திட்டம் போடுகிறார்கள். பெற்றோர் கவலையோடு கேட்கிறார்கள்: “ஹஜ்ரத், இது மார்க்கத்தில் கூடுமா? நாள் முழுவதும் சாலையில் கிடந்தால் தொழுகை என்னாவது? இதனால் யாருக்கு என்ன பயன்?” நியாயமான கேள்விகள். இது கூடும், முறையாகத் திட்டமிட்டால் நல்ல பயிற்சியும் ஆகும் என்பதே என் கருத்து. ஆனால் அந்த ‘முறையாக’ என்ற சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

முதலில் இது என்னவென்று அறிந்துகொள்வோம். ‘பிரெவே’ எனப்படும் இப்பயணங்களுக்கு உலகெங்கும் ஒரே கால வரம்பு உண்டு. 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம், 300-க்கு 20 மணி, 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி. நவம்பரில் தொடங்கி அக்டோபரில் முடியும் ஓராண்டுக்குள் இந்த நான்கையும் முடித்தவரை ‘சூப்பர் ரான்டனர்’ என்கிறார்கள். நம் நாட்டில் ‘ஆடாக்ஸ் இந்தியா ரான்டனர்ஸ்’ அமைப்பு இவற்றை நடத்துகிறது. 1891-இல் தொடங்கிய பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் என்ற 1,200 கிலோமீட்டர் பயணம் இவற்றின் சிகரம்; நான்காண்டுக்கு ஒரு முறை நடக்கும் அதன் கால வரம்பு 90 மணி நேரம். பெண்ணாடத்திலிருந்து விருத்தாசலம், நெய்வேலி, வடலூர் வழியே கடலூர் சென்று, சிதம்பரம், புவனகிரி, சேத்தியாத்தோப்பு வழியாக ஊர் திரும்பினால் ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டரை நெருங்கும். அளவு அவ்வளவுதான்.

இது போட்டியன்று. முதலிடமும் இல்லை, பரிசுத் தொகையும் இல்லை. எனவே பந்தயப் பணம், சூதாட்டம் ஆகிய ஐயங்களுக்கு இதில் இடமில்லை.

இனி தொழுகைக்கு வருவோம். காலை 6 மணிக்குப் புறப்படுபவர் ஃபஜ்ரைப் பள்ளிவாசலில் ஜமாஅத்தோடு முடித்துவிடலாம். இரவு 7.30-க்குள் 200 கிலோமீட்டரை முடிக்க வேண்டும். இடையில் வருவன லுஹர், அஸர், மஃரிப் ஆகிய மூன்று வேளைகள். ஒளூ செய்யவும் தொழவும் வேளைக்குப் பதினைந்து நிமிடம் என வைத்தாலும் மொத்தம் முக்கால் மணி நேரம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவருக்குப் பயணத்துக்குப் பத்து மணி நேரமே தேவை. மீதம் மூன்றரை மணி நேரம் இருக்கிறது. தேநீருக்கும் டயர் பஞ்சருக்கும் நேரம் ஒதுக்குகிறவர் தொழுகைக்கு நேரமில்லை எனச் சொல்ல முடியாது. “சைக்கிளால் தொழுகை போயிற்று” என்று ஒருவர் சொன்னால், போனது சைக்கிளால் அல்ல, திட்டத்தில் தொழுகையை எழுதாததால்.

இப்பயணத்தில் ஓர் ஒழுங்கு உண்டு. வழியில் குறிக்கப்பட்ட சோதனை இடங்கள் ஒவ்வொன்றுக்கும் திறக்கும் நேரமும் மூடும் நேரமும் உள்ளன. மிக முந்திப் போனாலும் செல்லாது, பிந்திப் போனாலும் செல்லாது. அந்த அட்டையில் முத்திரை பெறுவதற்காக வியர்வை சிந்தும் இளைஞனுக்கு, நேரம் வருமுன் தொழுதால் தொழுகை நிறைவேறாது, காரணமின்றி நேரம் தவறவிட்டால் குற்றம் என்பதை விளக்க வேண்டிய தேவையே இல்லை. அவன் அதைத் தன் கால்களால் அறிந்தவன்.

பயணத் தொழுகை பற்றி ஒரு விளக்கம். ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தொலைவை நாடிப் புறப்பட்டு ஊர் எல்லையைக் கடந்தவர் நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கித் தொழலாம். இந்தத் தொலைவைக் கணக்கிடும்போது போகும் தூரத்தையே பார்க்க வேண்டும். திரும்பி வரும் தூரத்தைச் சேர்ப்பதில்லை. ஆகவே சுற்றி வந்து ஊரிலேயே முடியும் வழித்தடத்தில் சட்டம் நுட்பமாகிறது. வரைபடத்தோடு உங்கள் ஊர் ஆலிமிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பரங்கிப்பேட்டை போன்ற கடற்கரை ஊர்களில் பெரும்பாலும் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபில் பயணி லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழ அனுமதி உண்டு. ஹனஃபி மத்ஹபில் ஹஜ்ஜின்போது அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் தவிரச் சேர்த்துத் தொழுவதில்லை. ஒரே குழுவில் இரு மத்ஹபினரும் இருந்தால் ஒருவரையொருவர் குறை கூற வேண்டாம்.

“இது வீண் வேலை” என்போருக்கு ஒரு செய்தியை நினைவூட்ட விரும்புகிறேன். நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரை ஓட்டம் நடத்தினார்கள். பயிற்சி பெற்று மெலிந்த குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை நீண்ட தூரம். பயிற்சி பெறாத குதிரைகளுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை குறுகிய தூரம். இப்னு உமர் (ரலி) அவர்களும் அதில் கலந்துகொண்டார்கள். இதை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். விளையாட்டு அனுமதி மட்டும் இதில் இல்லை; தகுதிக்கேற்பத் தூரத்தைப் பிரிக்கும் அறிவும் இருக்கிறது. மூன்று மாதம் வாரந்தோறும் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டாதவன் இருநூறுக்குப் பெயர் கொடுப்பது வீரமன்று. குறைவாயினும் நிலையாகச் செய்யப்படும் செயலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்ற நபிமொழியின் கருத்தை இங்கும் பொருத்திப் பார்க்கலாம்.

ஆண்டுத் திட்டம் எழுதும்போது ஹிஜ்ரி நாட்காட்டியை முதலில் கையில் எடுங்கள். ரமழான் ஒவ்வோர் ஆண்டும் பத்து அல்லது பதினொரு நாள் முன்னே நகர்கிறது. சென்ற ஆண்டின் அட்டவணையை அப்படியே நகலெடுக்க முடியாது. ரமழானில் நெடும்பயணம் வேண்டாம். பொழுதுபோக்குக்காக நோன்பை விடும் நிலையை வலிய உருவாக்கிக்கொள்வது ஒரு முஃமினுக்கு அழகன்று. இரு பெருநாட்களும் குடும்பத்துக்கு உரியவை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் கடலூர் மாவட்டத்தை வடகிழக்குப் பருவமழை சும்மா விடுவதில்லை. 2011 டிசம்பர் இறுதியில் வீசிய தானே புயலை நாம் மறக்கவில்லை. சித்திரை, வைகாசி வெயிலையும் கழித்துவிட்டால் மிஞ்சுவன சில மாதங்களே. தை மாதத்தில் இருநூறு, ஆடி தொடங்கி மற்றவை எனப் பிரித்துக்கொண்டால் உடலுக்கும் இபாதத்துக்கும் இடையூறு இராது.

உரிமைகளை மறக்கலாகாது. உம் உடலுக்கும் உம் மனைவிக்கும் உம்மீது உரிமை உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியது, இரவெல்லாம் வணங்கிப் பகலெல்லாம் நோன்பு நோற்ற தோழருக்கு. வணக்கத்துக்கே அந்த வரம்பு என்றால் சைக்கிளுக்கு எவ்வளவு வரம்பு வேண்டும்! ஞாயிறுதோறும் வீட்டைவிட்டு ஓடுபவர், அந்த வாரத்தில் தாய்க்கும் பிள்ளைகளுக்கும் எந்த நேரத்தைக் கொடுத்தார் என்பதையும் அட்டவணையில் எழுதட்டும். விலை உயர்ந்த சைக்கிளை வட்டித் தவணையில் வாங்காதீர்கள். இப்பயணத்துக்கு மனித ஆற்றலால் ஓடும் எந்தச் சைக்கிளும் போதும். ஹராமில் ஏறி ஆரோக்கியம் தேட முடியாது.

இரவுப் பயணத்தில் இரட்டிப்பு எச்சரிக்கை தேவை. இரவில் தனியாகப் பயணிப்பதை நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை. மூவர் பயணித்தால் ஒருவரைத் தலைவராக்கிக்கொள்ளச் சொன்னார்கள். இரவில் ஓய்வுக்காக இறங்கினால் பாதையை விட்டு விலகியிருக்கவும் சொன்னார்கள். கரும்பு லாரிகள் ஓடும் சாலையில், நானூறு கிலோமீட்டர் களைப்பில், ஓரத்திலேயே படுத்துவிடும் இளைஞனுக்கு இதைவிடத் தெளிவான பாதுகாப்பு விதி வேறென்ன வேண்டும்? விளக்கு, தலைக்கவசம், ஒளி திருப்பும் மேலாடை ஆகியவற்றையும் கட்டாயமாக்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று நிய்யத். ஒவ்வொரு கிலோமீட்டரையும் கைப்பேசியில் ஏற்றிப் பாராட்டுக்குக் காத்திருந்தால், நலமாகத் தொடங்கியது ரியாவில் முடியும். துஆ ஓதி ஏறுவோம். இவ்வாகனத்தை வசப்படுத்தித் தந்தவன் அவனே, நாம் அவனிடமே திரும்புவோம் என்ற உணர்வோடு மிதிப்போம்.

பெற்றோரே! இரவில் பைக் பந்தயம், முடிவற்ற கைப்பேசி, சிறு வயதிலேயே சர்க்கரை நோய் என நம் வீடுகளை அச்சுறுத்துவன பல. வியர்வை சிந்த விரும்பும் மகனை உடனே மறுக்காதீர்கள். அவனது அட்டவணையை வாங்கிப் பாருங்கள். அதில் ஐந்து வேளையும் எழுதப்பட்டிருந்தால் துஆ செய்து அனுப்புங்கள். எழுதப்படவில்லை என்றால், அவனோடு அமர்ந்து எழுதிக் கொடுங்கள். பள்ளிவாசல் நிர்வாகிகளே! நெடுஞ்சாலை ஓரப் பள்ளிகளின் ஒளூ இடங்களை வழிப்போக்கருக்குத் திறந்து வையுங்கள். எந்தச் சமயத்தவர் வந்தாலும் குடிநீர் கொடுங்கள்.

உடலுக்கு வலிமையையும் உள்ளத்துக்கு இக்லாஸையும் தந்து, நம் பிள்ளைகள் செல்லும் பாதைகளை எல்லாம் அல்லாஹ் பாதுகாப்பானாக! ஆமீன்.