கைகாட்டி பொய் சொல்லலாகாது

வீட்டின் ஒரு மூலையில் பலகை விரித்து, விரலகலத் தண்டவாளம் பதித்து, மலையும் பாலமும் ஸ்டேஷனும் சமைத்து மாதிரி ரயில் ஓட்டுகிற அன்பர்கள், எஞ்சினைத் தேர்ந்தெடுப்பதில் மாதக்கணக்காக ஆராய்ச்சி செய்துவிட்டு, கைகாட்டி என்று வரும்போது மட்டும், கடையில் முதலில் கண்ட விளக்குக் கம்பத்தை வாங்கி நட்டு, அது சிவப்பும் பச்சையுமாக மினுக்கினால் போதுமென்று திருப்தியடைந்துவிடுகிறார்கள். இது தகாது என்பது என் திடமான அபிப்பிராயம். கைகாட்டி என்பது வண்டி ஓட்டுகிறவனுக்கு ரயில்வே கொடுக்கும் வாக்கு.

அவ்வாக்குப் பிசகினால் என்ன நேரும் என்பதை 1876-ம் வருஷம் ஜனவரி 21-ந் தேதி இங்கிலாந்தில் ஆபட்ஸ் ரிப்டன் கண்டது. அந்நாளில் கிரேட் நார்தர்ன் ரயில்வேயின் கைகாட்டிகளின் கைகள் கம்பத்துப் பிளவுக்குள் இறங்கி மறைந்தால் வழி திறந்திருப்பதாக அர்த்தம். பனிப்புயலில் அப்பிளவுகள் உறைந்து அடைபட்டு, கேபினில் லீவரைத் திருப்பியும் கை 'நில்' என்று எழாமற்போகவே, நம்பி வந்த எக்ஸ்பிரஸ் நிலக்கரி வண்டியின்மேல் மோதியது. அந்தச் சிதைவின்மேல் எதிர்த்திசையில் வந்த இன்னோர் எக்ஸ்பிரஸும் மோதியது. அதன் பின்னரே அக்கம்பெனி, பனி தங்க இடமின்றிக் கையைக் கம்பத்துக்கு வெளியே நிறுத்தி, நடுவில் சுழலும்படி அமைத்தது. வண்டிக்கு வழிவிடும் நேரம் தவிர மற்ற வேளையெல்லாம் 'நில்' என்றே காட்டுவதும் வழக்கமாயிற்று.

ஆகவே, கையின் வடிவம் ஒவ்வொன்றிலும் ஒரு சரித்திரம் அடங்கியிருக்கிறது. எந்தக் கம்பெனி, எந்தக் காலம் என்பதை நிர்ணயித்த பிறகே கைகாட்டியை வாங்க வேண்டும். 1920-களிலிருந்து மற்ற பெரிய பிரிட்டிஷ் கம்பெனிகள் மேல்நோக்கி எழும் கைக்கு மாறியபோதும், கிரேட் வெஸ்டர்ன் கீழே இறங்கும் கையையே விடாமல் வைத்திருந்தது. 'கைகாட்டி இறங்கிவிட்டது' என்ற சொல்லைக் கேட்டதும் மூட்டையைத் தூக்கிய நம் பெரியவர்களுக்கும் அவ்வகையே பரிச்சயமானது.

அடியொன்றுக்கு 4 மில்லிமீட்டர் என்னும் அளவில், 25 அடிக் கம்பம் 100 மில்லிமீட்டர் உயரமே இருக்க வேண்டும். அதைவிடப் பருத்து உயர்ந்தது வண்டியையே குள்ளமாக்கிவிடும். காந்தச் சுருளால் கை வெடுக்கென்று துள்ளும். சிறு செர்வோ மோட்டாரோ, நெடுந்தூரம் கம்பியால் இழுக்கப்படும் நிஜக் கையைப்போல் அதை நிதானமாக அசைக்கும். விளக்கிலும் கவனம் தேவை: எண்ணெய்ச் சுடர் மஞ்சளானதால், அதைப் பச்சையாகக் காட்ட அன்று சற்றே நீலமோடிய கண்ணாடியை வைத்தார்கள். கண்ணைப் பறிக்கும் பச்சை எல்.இ.டி.யைவிட, அவ்வகைக் கண்ணாடிக்குப் பின்னே மங்கிய, மஞ்சளோடிய வெள்ளை எல்.இ.டி.யே யதார்த்தமானது.

இவை யாவற்றினும் பிரதானமானது இணைப்பு. தண்டவாளம் பிரியுமிடத்திலுள்ள பாயிண்ட் சரியான பக்கம் திரும்பினாலன்றிக் கை இறங்கக் கூடாது. கை இறங்கினாலன்றி அதன் முன்னுள்ள தண்டவாளத் துண்டில் மின்சாரம் பாயக் கூடாது. பாயிண்டையும் கைகாட்டியையும் இவ்விதம் ஒன்றோடொன்று பூட்டுவதைப் பிரிட்டனில் 1889-ம் வருஷச் சட்டம் பிரயாணிகள் பாதைகளில் கட்டாயமாக்கிற்று. கைப்பணம் சொற்பமென்றால், வெறுமனே மினுக்கும் இருபது கம்பங்களை விட்டு, இவ்விதம் பூட்டிய இரண்டே கைகாட்டிகளை அமைப்பதே விவேகம்.

அப்படி அமைத்த பலகையருகே ஒரு குழந்தையை நிறுத்திப் பாருங்கள். சிவப்புக்கு முன்னே வண்டி வந்து நின்று காத்திருக்கும். குழந்தை லீவரை இழுக்கும். கை மெல்ல இறங்கும். அதன் பிறகே வண்டி நகரும். வாக்கு ஒன்று கொடுக்கப்பட்டு, அது நிறைவேறுவதை அக்குழந்தை தன் கண்ணாலேயே காண்கிறது.