புத்தகசாலைகளும் பொதுஜனங்களும்

பொதுப் புத்தகசாலைகளை, அதாவது இக்காலத்தில் நூலகம் என்று சொல்லப்படுகிறவைகளைப் புதுப்பிக்க வேண்டும் என்பதாக எங்கு பார்த்தாலும் பேச்சு நடந்து வருகிறது. சில ஊர்களில் வேலையும் நடக்கிறது. புதுச் சுவர், புது வர்ணம், புதுப் பெயர்ப்பலகை, திறப்பு விழா, மாலை, புகைப்படம் எல்லாம் கிரமமாக நடந்தேறுகின்றன. இவை வேண்டாமென்று நாம் சொல்ல வரவில்லை. மதுக்கடைக்கு இருக்கிற விளக்கு வெளிச்சம் புத்தகசாலைக்கு இல்லாத நாட்டில், புத்தகசாலைக்கு வர்ணம் பூசுவதைக் குறை சொல்ல நமக்கென்ன பைத்தியமா? ஆனால் நாம் கேட்பது ஒன்று உண்டு. இப்படிப் புதுப்பிக்கிறவர்கள் யாரை மனதில் வைத்துக் கொண்டு புதுப்பிக்கிறார்கள்? ஏற்கனவே உள்ளே உட்கார்ந்து பத்திரிகை படித்துக் கொண்டிருக்கிற ஆசாமியையா, அல்லது அந்த வாசற்படியை இதுவரை மிதித்தேயிராத ஆளையா?

ஒரு கட்டடத்துக்கு வாய் கிடையாது என்றாலும், அது யாரை வாவென்று கூப்பிடுகிறது, யாரைப் போவென்று துரத்துகிறது என்பதை அதன் படிக்கட்டும், பூட்டும், கதவு திறக்கிற நேரமும் சொல்லிவிடும். "உள்ளே வராதே" என்று பலகையில் எழுதி மாட்டாமலேயே ஒருவனை வெளியே நிறுத்தி வைக்கும் வித்தை நமது நாட்டாருக்கு ஆயிரக்கணக்கான வருஷமாய்ப் பழக்கமானதாகையால், இதை விஸ்தரித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்த வித்தை நமது நாட்டுக்கு மாத்திரம் சொந்தமென்று யாரும் பெருமை கொள்ளவும் வேண்டியதில்லை.

அமெரிக்காவில் வர்ஜீனியா மாகாணத்தில் அலெக்ஸாண்ட்ரியா என்று ஒரு பட்டணம் இருக்கிறது. அங்கே கறுப்பு மக்களும் வரி கொடுத்துத்தான் பொதுப் புத்தகசாலை நடந்து வந்தது; ஆனால் வெள்ளையர் மாத்திரமே அதற்குள் போகலாம். 1939 ஆகஸ்ட் 21ந் தேதியன்று ஐந்து கறுப்பு வாலிபர்கள் ஒருவர் பின் ஒருவராக உள்ளே போய் உறுப்பினர் சீட்டுக் கேட்டார்கள். இல்லையென்று சொல்லப்பட்டது. உடனே ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்துக் கொண்டு, ஆளுக்கொரு மேஜையில் உட்கார்ந்து, சப்தமில்லாமல் படிக்க ஆரம்பித்தார்கள். போலீசு வந்து கைது செய்து கொண்டு போயிற்று. புத்தகசாலையில் புத்தகம் படித்த குற்றத்துக்குக் கைது! இதற்கு ஏற்பாடு செய்தவர் சாமுவேல் டக்கர் என்னும் கறுப்பு வக்கீல். நகர சபையார் இதற்குச் செய்த பரிகாரம் என்னவென்றால், 1940ல் கறுப்பருக்கென்று தனியாகச் சிறிய கட்டடம் ஒன்று கட்டி ராபர்ட் ராபின்சன் புத்தகசாலை என்று பெயர் வைத்ததுதான். டக்கர் அதில் சீட்டு வாங்கிக் கொள்ள மறுத்துக் கடிதம் எழுதிவிட்டார்.

ஆகவே, "புதுக் கட்டடம் கட்டியாகிவிட்டதே, இன்னும் என்ன வேண்டும்?" என்று கேட்கிறவர்கள் இந்தச் சங்கதியை ஞாபகத்தில் வைத்துக் கொள்ள வேண்டும். ஆளை விலக்கி வைப்பதற்காகவே ஒரு கட்டடம் கட்டவும் கூடும்.

நமது மாகாணத்தில் சட்டம் நன்றாகவே இருக்கிறது. 1948ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் செய்யப்பட்டது. இந்தியா சுதந்திரம் பெற்ற பிறகு இத்தகைய சட்டம் செய்ததில் நமது மாகாணமே முதலாவது. இதற்குப் பாடுபட்டவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். அச்சட்டப்படி வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரி வசூலிக்கப்படுகிறது. இப்போது ரூபாய்க்குப் பத்து பைசா. சொந்த வீடு இல்லாதவனும் வாடகையில் இதைக் கொடுத்துத்தான் தீருகிறான். ஆகவே கூலிக்காரன் பணமும் அதில் இருக்கிறது, விதவைத் தாய்மார் பணமும் இருக்கிறது. பணம் எல்லோருடையது, ஆனால் உட்கார்ந்திருக்கிறவர்கள் யார் என்பதுதான் கேள்வி.

நாம் பிரசாரத்துக்காகப் போன ஒரு ஊரில் பொழுது போகாமல் அவ்வூர்க் கிளை நூலகத்துக்குப் போனோம். (ஊர்ப் பெயர் வேண்டியதில்லை. தங்கள் ஊர்தானென்று நூறு ஊர்க்காரர்கள் சொல்லக்கூடும்.) வாடகைக் கட்டடம், கீழே உரக்கடை, மேலே நூலகம். படிக்கட்டு ஒரு ஆள் ஏறினால் மற்றொரு ஆள் இறங்க முடியாத அகலம். மேலே நீளமான மேஜை ஒன்றில் பத்திரிகைகளைச் சுற்றி ஏழெட்டு ஆண்கள். பெண் ஒருத்தியும் இல்லை. குழந்தை ஒன்றும் இல்லை. "பெண்கள் வருவதில்லையா?" என்று கேட்டோம். "அவர்களுக்குப் படிப்பில் ருசி இல்லை" என்று ஒரு பெரியவர் சமாதானம் சொன்னார். கக்கூசு எங்கே என்று கேட்டதற்கு, நூலகர் பாவம், பஸ் நிலையத்தைக் காட்டினார். ருசி எங்கே போயிற்று என்பது நமக்கு அப்போது விளங்கிற்று.

ஒரு பெண் மூன்று மணி நேரம் ஓரிடத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டுமானால் அங்கே அவளுக்குக் கக்கூசு இருக்க வேண்டும், அதில் தண்ணீர் இருக்க வேண்டும், அதன் சாவி கேட்டுக் கெஞ்சாமல் இருக்க வேண்டும். இது தர்க்க சாஸ்திரம் படித்தவர்களுக்கு மட்டுமே விளங்கும் விஷயமல்லவே! அதுபோலவே கால் ஊனமானவர் அந்தப் படிக்கட்டில் எப்படி ஏறுவார்? ஊனமுற்றோர் உரிமைக்காக 2016ல் சட்டம் செய்து, ஏற்கனவே உள்ள பொதுக் கட்டடங்களையெல்லாம் அவர்கள் வந்து போகும்படி திருத்துவதற்கு, விதிகள் வெளியானதிலிருந்து ஐந்து வருஷம் கெடுவும் வைத்தார்கள். விதிகள் 2017ல் வந்தன. கெடு 2022லேயே போய்விட்டது. மாடிப்படி மட்டும் போகவில்லை.

நிற்க, அலமாரிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த ஊரில் புத்தகங்கள் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைக்கப்பட்டிருந்தன. கண்ணாடிக்கு வெளியே நின்று முதுகை மாத்திரம் தரிசித்துக் கொள்ளலாம். கோவிலில் கர்ப்பக்கிரகத்துக்கு வெளியே நிறுத்தி வைக்கிறார்களே என்று போராடுகிற நாம், புத்தகசாலைக்குள்ளும் ஒரு கர்ப்பக்கிரகத்தை வைத்துக் கொண்டிருக்கிறோம். சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களை அடுக்கிப் பொட்டு வைத்து, அன்று ஒரு நாள் மாத்திரம் தொட்டுப் படிக்கக் கூடாதென்று பக்தர்கள் சொல்லுகிறார்கள். பூட்டிய அலமாரிக்காரர்கள் அதை 365 நாளைக்கும் நீட்டிவிட்டார்கள் என்பதைத் தவிர வேறு வித்தியாசம் என்ன?

"திறந்து வைத்தால் திருடு போகுமே" என்பார்கள். போகட்டுமே! வருஷத்தில் பத்துப் புத்தகம் போனால் அதன் கிரயம் என்ன? பூட்டிய அலமாரியில் பத்தாயிரம் புத்தகம் யாரும் தொடாமல் செல்லரித்துப் போவதற்குக் கிரயம் என்ன? இரண்டாவது திருட்டுக்கு மட்டும் யாரும் கணக்கு எழுதுவதில்லை. புத்தகங்கள் உபயோகத்துக்கே என்பதைத்தான் ரங்கநாதன் 1931ல் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதல் விதியாக வைத்தார். அலமாரியைத் திறந்து வைத்து, வாசகனே கையால் எடுத்துப் பார்க்க விட வேண்டுமென்பதும் அவர் கொள்கைதான். அவர் படத்தை மாட்டிவிட்டு அதன் கீழேயே பூட்டுப் போடுகிறோம். பெரிய மனிதர்களுக்கு நம் நாட்டில் நடக்கிற மரியாதையே இதுதான்.

அயல் நாடுகளில் இந்தச் சங்கதியை எப்படி யோசிக்கிறார்கள் என்று பார்ப்போம். லண்டன் பட்டணத்தின் கிழக்கே டவர் ஹாம்லெட்ஸ் என்பது ஏழைகளும் வங்காள தேசத்திலிருந்து குடியேறியவர்களும் நிறைய வாழும் பகுதி. அங்கே பழைய கம்பீரமான புத்தகசாலைக் கட்டடங்கள் இருந்தன, ஜனங்கள்தான் போகவில்லை. 1990களின் கடைசியில் அங்குள்ள நகர சபையார் ஒரு புத்திசாலித்தனமான காரியம் செய்தார்கள். நூலகத்துக்கு வருகிறவர்களோடு நின்றுவிடாமல், வராதவர்களிடமும் போய் ஏன் வருவதில்லை என்று கேட்டார்கள். கடைக்குப் போகிற வழியில் இருந்தால் வருவோம், வேலை முடிந்த பிறகும் திறந்திருந்தால் வருவோம் என்று பதில் வந்தது. உடனே கடைத்தெருக்களில் புதிய கட்டடங்கள் கட்டினார்கள். 2002ல் ஒன்று, 2005ல் ஒயிட்சாப்பல் சந்தைத் தெருவில் பெரிதாக ஒன்று. புத்தகங்களோடு கூட, வயது வந்தவர்களுக்குப் பாஷை கற்பிக்கவும் கம்ப்யூட்டர் கற்பிக்கவும் அதே கட்டடத்தில் வகுப்பறைகள் வைத்தார்கள். திறந்தபோது வாரத்தில் ஏழு நாளும் நடந்தன. பெயரையும் "ஐடியா ஸ்டோர்", அதாவது யோசனைக் கடை என்று வைத்தார்கள். படித்த சீமான்கள் சிலர் இதைக் கேட்டு முகம் சுளித்தார்களாம். சுளிக்கட்டும், அவர்கள் வீட்டில்தான் புத்தகம் இருக்கிறதே!

பின்லாந்து தேசத்து ஹெல்சிங்கியில் 2018 டிசம்பர் 5ந் தேதி திறந்த புத்தகசாலைக்கு "ஓடி" என்று பெயர். அந்தப் பாஷையில் புகழ்ப்பாட்டு என்று அர்த்தம். நாம் ஓடிப் போய்ப் படிக்கிற இடம் என்றே வைத்துக் கொள்ளலாம். அவர்கள் தேசம் விடுதலையடைந்த நூறாவது ஆண்டுக்காக ஏற்பாடான கட்டடம் அது. அங்கே ஆலயம் எழுப்பவில்லை, சிலை நிறுத்தவில்லை. பார்லிமெண்டுக்கு எதிரேயே புத்தகசாலை கட்டினார்கள். மேல் மாடியில் சுமார் ஒரு லட்சம் புத்தகம், எல்லாம் திறந்த அலமாரியில். நடு மாடியில் தையல் இயந்திரம், பாட்டுப் பதிவு அறை, கருவிகள். யாரும் உள்ளே போகலாம், கட்டணமில்லை. "புத்தகசாலைக்குத் தையல் இயந்திரம் எதற்கு?" என்று நம்மவர்கள் கேட்பார்கள். சட்டை தைக்க வந்தவன் மேல்மாடிக்கு ஏறிப் பார்க்கமாட்டானா? பார்க்காவிட்டால்தான் என்ன, அவன் வரிப் பணத்துக்கு ஒரு சட்டையாவது மிஞ்சுமல்லவா?

அவ்வளவு தூரம் போவானேன்? சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பர் 15ந் தேதி திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், கண் தெரியாதவர்களுக்குப் பிரெயில் பகுதியும், குழந்தைகளுக்கென்று தனித் தளமும், அவரவர் சொந்தப் புத்தகத்தைக் கொண்டு வந்து படிப்பதற்கு ஒரு பகுதியும் வைத்தார்கள். இந்தக் கடைசி ஏற்பாட்டை அற்பமாக நினைக்கக் கூடாது. ஒற்றை அறையில் ஆறு பேர் படுக்கிற குடும்பத்துப் பிள்ளை, சர்க்கார் பரீட்சைக்குப் படிக்க வேண்டுமானால் அவனுக்கு முதலில் வேண்டியது ஒரு நாற்காலி, ஒரு விளக்கு, ஒரு விசிறி, "எழுந்து போ" என்று சொல்லாத ஒரு இடம். கைபேசியில் எல்லாப் புத்தகமும் வந்துவிட்ட பிறகு நூலகம் எதற்கென்று கேட்கிற பேர்வழிகளுக்கு இதுதான் பதில். கைபேசிக்குள் நாற்காலி கிடையாது. அந்த நூலகத்தையே 2011ல் ஆஸ்பத்திரியாக மாற்றப் போவதாக அப்போதைய சர்க்கார் கிளம்பி, ஹைகோர்ட் தடுத்த கதை எல்லோருக்கும் தெரியும். மதுரையில் 2023 ஜூலை 15ந் தேதி திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் பெரிதாகவே இருக்கிறது. சந்தோஷம். ஆனால் சென்னைக்கும் மதுரைக்கும் பஸ் ஏறிப் போய்த் தினம் படிக்கிறவன் யார்? உரக்கடைக்கு மேலே இருக்கிற நூலகத்தைப் பற்றித்தான் நமது கவலை.

"பணமில்லை" என்று சொல்வார்கள். வரியென்று வசூலித்த பணத்தை உள்ளாட்சிக்காரர்கள் நூலக ஆணைக்குழுவுக்குக் கட்டாமல் நிலுவை வைக்கிறார்கள் என்ற புகார் வெகு காலமாய் உண்டு. அது போகட்டும். 1931 அக்டோபரில் மன்னார்குடிக்குப் பக்கத்தில் எஸ். வி. கனகசபைப் பிள்ளை என்பவர் ஒரு மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாய் அனுப்பினாரே, அவரிடம் என்ன ஒன்பது மாடியா இருந்தது? ஜனங்கள் வராவிட்டால் புத்தகம் போகட்டும் என்கிற எண்ணம் இருந்தது. மாடியிலிருந்து நூலகத்தைத் தரைக்கு இறக்க, அலமாரியின் பூட்டைக் கழற்ற, குழந்தைகள் கைக்கெட்டும் உயரத்தில் இரண்டு தட்டு அடிக்க, கூலிக்காரன் வேலை விட்டு வரும் ஏழு மணிக்குக் கதவைத் திறந்து வைக்க எத்தனை கோடி வேண்டும்? ஏழு மணிக்குத் திறக்க ஆள் வேண்டும்தான். அந்த ஆளுக்குச் சரியான சம்பளமும் வேண்டும். தினக்கூலிக்கு ஒருவரை வைத்துக் கொண்டு அவர் தலையில் இரண்டு நூலகத்தைக் கட்டுவதை நாம் ஒப்புக் கொள்ள மாட்டோம். திறப்பு விழாப் பந்தல் செலவை முதலில் அதற்குத் திருப்பட்டும்.

ஆதலால் தோழர்கள் செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. வருஷத்தில் ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, நமது பஞ்சாயத்தில் நூலக வரி எவ்வளவு வசூலாயிற்று, எவ்வளவு கட்டப்பட்டது என்று கேட்டுப் பதிலை எழுத்து மூலமாய் வாங்குங்கள். பட்டணத்துத் தோழர்கள் தங்கள் வார்டு கவுன்சிலரைக் கேட்கட்டும். பிறகு நூலகத்துக்குப் போங்கள். போகும்போது வீட்டிலுள்ள பெண்களைக் கூட்டிக் கொண்டு போய், கக்கூசுச் சாவி யாரிடம் இருக்கிறதென்று அவர்களையே விசாரிக்கச் சொல்லுங்கள்.