தேய்ப்பதற்கு முன்



லுணுகலையில் மழை விடாத ஒரு பின்னேரம். லயத்தில் நான் வழமையாகச் சந்திக்கும் அக்கா ஒருவர், சாக்கில் சுற்றிய செம்பொன்றை எடுத்து வந்து முன்னால் வைத்தார். பக்கத்தில் செங்கல் தூளும் புளியும் தயாராக இருந்தன. மகளின் கல்யாணத்துக்கு முன் அதைப் பளபளப்பாக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

1977 கலவரத்தின் பின் மலையகத்திலிருந்து கிளிநொச்சிக்குப் போய்க் குடியேறிய குடும்பம் அது. 2008 இல் இடம்பெயர்ந்தபோது, சுமக்க முடியாத பித்தளைச் சாமான்களை முற்றத்தில் புதைத்துவிட்டுப் புறப்பட்டார்கள். இப்படிப் புதைத்துவிட்டு வந்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். 2010 இல் திரும்பிப் போய்த் தோண்டியபோது இந்தச் செம்பு மட்டுமே கிடைத்தது. அம்மாவை அதற்கு முந்திய ஆண்டே இழந்திருந்தார்.

"தேய்ச்சா பச்சை போயிடும்தானே மிஸ்?"

"கொஞ்சம் பொறுங்க அக்கா" என்றேன். கழுத்தடியில், மண்ணுக்குள் புள்ளி புள்ளியாக ஏதோ தெரிந்தது.

மண்ணிலிருந்து பித்தளை கிடைத்தால், மினுக்குவதற்கு முன் அது என்னவென்று அறிய வேண்டும். ரவைக் கோதும் பித்தளைதான். எறிகணைகளிலும் பித்தளைப் பாகங்கள் உண்டு. மண்ணில் கிடந்தால் அவையும் செம்பைப் போலவே பச்சை பிடிக்கும். வடக்கில் கண்ணிவெடி அகற்றும் பணியில், உலோகம் கண்டறியும் கருவியுடன் பெண்கள் பலர் வேலை செய்கிறார்கள். கருவி சத்தமிட்டால் பயிற்சி பெற்ற அவர்கள்கூடப் பொருளைப் பிடித்து இழுப்பதில்லை. பக்கவாட்டிலிருந்து மெல்ல மெல்ல மண்ணை நீக்குகிறார்கள். எனவே இனந்தெரியாத பொருளைத் தொடாதீர்கள், தட்டாதீர்கள், பழைய இரும்புக்காரரிடம் கொண்டுபோகாதீர்கள். பிள்ளைகளை விலக்கிவிட்டு 119 இற்கோ கிராம உத்தியோகத்தருக்கோ அறிவியுங்கள்.

சிலை, பழைய நாணயம், எழுத்துப் பொறித்த தகடு போன்றவை கிடைத்தால் அது வேறு விடயம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2 இற்கு முற்பட்டவற்றைத் தொல்பொருள் என்கிறது. மண்ணுக்குள் இருக்கும் தொல்பொருள் அரசுக்கே உரியது. அதைத் துலக்கவோ விற்கவோ கூடாது; அறிவிக்க வேண்டும். அனுமதியின்றிப் புதையல் தோண்டுவதும் குற்றம். "ஸ்கேனர் இருக்கிறது, தோண்டித் தருகிறோம்" என்று வருபவர்களை நம்பாதீர்கள்.

நீங்களே புதைத்த பாத்திரம் என்று நிச்சயமானால் பயமில்லை. காந்தம் ஒட்டினால் அது பித்தளை முலாம் பூசிய இரும்பு. மஞ்சள் நிறமென்றால் பித்தளை. அது செம்பும் துத்தநாகமும் கலந்தது. கபில நிறத்துடன், தட்டினால் மணிபோல நீண்டு ஒலிப்பது வெண்கலம். அதில் செம்புடன் வெள்ளீயம் கலந்திருக்கும்.

நாங்கள் கத்தி கொண்டு சுரண்டவில்லை. இளஞ்சூட்டு நீரில் சவர்க்காரம் கலந்து ஊறவைத்தோம். பழைய பற்தூரிகையாலும் மூங்கில் குச்சியாலும் மண்ணை எடுத்தோம். பிறகு எழுத்து இல்லாத இடங்களில் மட்டும், உப்புச் சேர்க்காத புளிக்கரைசலைத் துணியில் தொட்டுத் தடவிச் சில நிமிடங்களில் கழுவினோம். இரவு முழுதும் புளியில் போட்டால் துத்தநாகம் கரைந்து, சிவந்த திட்டுகள் விழும். செங்கல் தூளோ எழுத்தையே தின்றுவிடும். கடைசியாக ஈரமில்லாமல் துடைத்து வெயிலில் காயவைக்க வேண்டும். பச்சைக் களிம்பு நஞ்சு. ஆகவே இத்தகைய பாத்திரத்தில் சமைக்கவோ குடிக்கவோ வேண்டாம்.

மண் விலக விலகப் புள்ளிகள் எழுத்தாயின. அக்காவின் அம்மாவுடைய பெயர். பாத்திரக்கடையில் உளியால் பொறித்தது. அம்மாவின் படம் ஒன்றுகூட அக்காவிடம் இல்லை. அவர் விரலால் அந்தப் புள்ளிகளைத் தடவிப் பார்த்தார். வெகுநேரம் இருவரும் பேசவில்லை. பின்பு புளியை அடுப்படிக்கே எடுத்துப் போனார்.

"இது இப்படியே இருக்கட்டும் மிஸ். தண்ணி ஊத்திப் பூ வச்சு, கல்யாண மணவறையில வைக்கிறேன்."

அடியில் இன்னும் கொஞ்சம் பச்சை இருக்கிறது. சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பழைய செம்பைத் தேய்ப்பதற்கு முன், ஒருமுறை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.