பல் உழைப்பாளிக்கும் வேண்டும்!

பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பது பழமொழி. உழைப்பாளிக்குப் பல் போனால் சொல் மட்டுமா போகிறது? சோறும் போகிறது. கடைவாய்ப் பற்கள் போனபின் வேர்க்கடலையும் கறியும் மெல்ல முடியாமல், குழைந்த சோற்றையும் கஞ்சியையும் விழுங்கி வயிற்றை நிரப்ப வேண்டியிருக்கிறது. அந்த உடம்போடுதான் மில்லில் எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். அந்த உடம்போடுதான் சேற்றில் குனிந்து நாற்று நட வேண்டும். ஆகவே பல் என்பது பணக்காரர் வீட்டு அழகுப் பிரச்சினை அல்ல. அது உழைப்பாளியின் உணவுப் பிரச்சினை.

இன்று பல் ஆஸ்பத்திரிகளின் பலகைகளில் 'இம்ப்ளான்ட்' என்ற சொல்லைக் காண்கிறோம். இது என்ன? பல்லுக்கு மேலே தெரியும் பகுதி உண்டு. தாடை எலும்புக்குள் புதைந்த வேர் உண்டு. பல்லைப் பிடுங்கினால் வேரும் போய்விடுகிறது. நாளாக ஆக அந்த இடத்தில் எலும்பும் கரைகிறது. கழற்றி மாட்டும் பல் செட் ஈறின் மேல் உட்காருகிறதே தவிர, வேர் ஊன்றுவதில்லை. பக்கத்துப் பற்களில் கட்டும் 'பிரிட்ஜ்' முறையில், கெடாத நல்ல பற்களையும் ராவ வேண்டியிருக்கிறது. இம்ப்ளான்ட் முறையிலோ, அந்த இடத்தை மரத்துப்போகச் செய்து, எலும்பில் துளையிட்டு, டைட்டானியம் என்ற உலோகத்தாலான சிறு திருகாணியை இறக்குகிறார்கள். அதுவே வேர். பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் ஆறவிட்டு, அதன் மேல் பல்லைப் பொருத்துகிறார்கள்.

மாமல்லபுரத்துக் கல்தச்சர்களுக்கு ஆப்பின் கதை தெரியும். கல்லில் துளையிட்டு அடித்த ஆப்பு, அடித்த இறுக்கத்தில் நிற்கிறது. கல் வளர்ந்து அதைப் பிடிப்பதில்லை. எலும்போ உயிருள்ளது. அது டைட்டானியத்தை ஒட்டி வளர்ந்து, அதைத் தன்னோடு கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. இந்த உண்மையை 1950களில் கண்டவர் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி பிரானேமார்க். முயலின் கால் எலும்பில் ஆராய்ச்சிக்காகப் பொருத்திய டைட்டானியக் கருவியைத் திரும்ப எடுக்கப் போனார், எடுக்க முடியவில்லை. எலும்பு விடவில்லை! 1965இல் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் அவர் இந்தச் சிகிச்சையைச் செய்தார். அந்த மனிதர் 2006இல் இறக்கும் வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் பற்கள் அவருக்கு உழைத்தன.

அதே 1965இல்தான் நமது செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியும் தொடங்கப்பட்டது. இரண்டுக்கும் வயது ஒன்று. ஆனால் அறுபது ஆண்டுகள் கழிந்தபின்னும் பாலாற்றங்கரைக் கூலி விவசாயிக்கு இந்தச் சிகிச்சை எட்டாக்கனியாக இருப்பது ஏன்?

கணக்குப் பாருங்கள். தனியார் ஆஸ்பத்திரிகளில் ஒரே ஒரு பல்லுக்கு 25,000 ரூபாய், 30,000 ரூபாய், அதற்கு மேலும் கேட்கிறார்கள். 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த தினக்கூலி 336 ரூபாய். நூறு நாளும் வேலை கிடைத்தால்தான் 33,600 ரூபாய். அதாவது ஒரு வருடத்து நூறு நாள் கூலி முழுவதும் ஒரு பல்லுக்கே சரி! குடும்பம் எதைத் தின்பது? அமெரிக்காவில் இதே பல்லுக்கு 3,000 டாலருக்கு மேல் ஆகிறது. அங்கிருந்து கடற்கரைக்கு உல்லாசமாக வருபவருக்கு நம் ஊர் விலை மலிவு. அந்த விடுதியில் பாத்திரம் கழுவும் நம் சகோதரிக்கோ அது மலை.

உலோகம் அருமையானது என்பார்கள். அந்தத் திருகாணியின் எடை ஒரு கிராம்கூடத் தேறாது. டைட்டானியத்தின் தாதுவோ நமது கடற்கரை மணலிலேயே கிடக்கிறது. குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் மத்திய அரசின் பொதுத்துறை நிறுவனம் அதைப் பிரித்தெடுக்கிறது. கேரளத்தின் சவராவில் 2011இல் பொதுத்துறையிலேயே டைட்டானியம் ஸ்பாஞ்சு ஆலை தொடங்கப்பட்டது. மருத்துவரின் திறமைக்கும், பல் செய்யும் தொழிலாளியின் உழைப்புக்கும் நியாயமான கூலி உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. அதற்கு மேல் ஏறும் விலைதான் கேள்வி. பிரானேமார்க்கின் கண்டுபிடிப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்த கம்பெனி எது தெரியுமா? பீரங்கி செய்யும் போபர்ஸ்! 1978இல் ஒப்பந்தமாகி, 1981இல் அதற்கெனத் தனிக் கம்பெனி நிறுவினார்கள். பீரங்கியில் லாபம் கண்ட மூலதனம் பல்லிலும் லாபம் கண்டது. விஞ்ஞானம் மனிதகுலத்தின் சொத்து. லாபவேட்டை அதற்கு வேலி போடுகிறது.

அந்த வேலியைப் பிரிக்க முடியாதா? முடியும். இருதய ரத்தக்குழாயில் வைக்கும் ஸ்டென்டுக்கு லட்சத்துக்கு மேலும் வாங்கினார்கள். 2017 பிப்ரவரியில் அரசு விலை உச்சவரம்பு விதித்தது. மருந்து பூசியது 29,600 ரூபாய், பூசாதது 7,260 ரூபாய் என்று நிர்ணயித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் மூட்டு மாற்று உறுப்புகளுக்கும் உச்சவரம்பு வந்தது. இருதயத்துக்கும் முழங்காலுக்கும் உள்ள நியாயம் தாடைக்கு மட்டும் இல்லையா? பல் இம்ப்ளான்டுக்கு அத்தகைய உச்சவரம்பு விதிக்கப்படவில்லை.

உரிமை கேட்கும்போதே உண்மையையும் தெரிந்துகொள்வோம். இம்ப்ளான்ட் மந்திரம் அல்ல. சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாவிட்டால் புண் ஆறுவது கடினம். பீடியும் புகையிலையும் விடாதவர்களுக்கு எலும்பு பிடிக்காமல் போகும் ஆபத்து அதிகம். ஈறு நோய் இருந்தால் முதலில் அதைத் தீர்க்க வேண்டும். வைத்த பிறகும் தினம் துலக்க வேண்டும். இல்லையேல் அதைச் சுற்றியும் சீழ் பிடிக்கும். எல்லாவற்றையும்விட, காப்பாற்றக்கூடிய பல்லைப் பிடுங்கி இம்ப்ளான்ட் வைப்பது பைத்தியக்காரத்தனம். "இந்தப் பல்லைக் காப்பாற்ற முடியாதா?" என்பதே டாக்டரிடம் நாம் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கட்டும். மொத்தச் செலவு எவ்வளவு, எத்தனை தடவை வர வேண்டும், எந்தக் கம்பெனித் திருகாணி என்று எழுதி வாங்குங்கள். செங்கற்பட்டில் மின்சார ரயில் ஏறிக் கோட்டை நிலையத்தில் இறங்கினால், எதிரிலேயே தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. கடன் வாங்கித் தனியாரிடம் ஓடுமுன் அங்கே போய்க் காட்டுங்கள்.

ஆனால் ஒரு நாள் கூலியை இழந்து சென்னைக்குப் போவதே தீர்வாகாது. மில் தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாயும், முதலாளியிடமிருந்து மூன்றேகால் ரூபாயும் ஈ.எஸ்.ஐ.க்குப் போகிறது. அது நமது உழைப்பின் பணம். ஆகவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. இம்ப்ளான்டுக்கு விலை உச்சவரம்பு விதிக்க வேண்டும். மெல்ல முடியாத நிலையில் உள்ள ஈ.எஸ்.ஐ. தொழிலாளிக்கு இந்தச் சிகிச்சை கைக்காசு இல்லாமல் கிடைக்க வேண்டும். மாவட்ட அரசு ஆஸ்பத்திரிகளில் பயிற்சி பெற்ற டாக்டர்களும், பல் செய்யும் கூடமும் வேண்டும். டைட்டானியத் திருகாணியைப் பொதுத்துறையே செய்ய வேண்டும்.

மறைமலைநகர் ஆலை வாசல் முதல் சதுரங்கப்பட்டினம் மீனவர் குப்பம் வரை, மதுராந்தகம் ஏரிப் பாசன வயல் வரை, சங்கக் கிளைகள் இதைத் தீர்மானமாக நிறைவேற்றி அனுப்பட்டும். ஊருக்குச் சோறு போடுகிறவனுக்கு, அந்தச் சோற்றை மெல்லப் பல் கேட்கும் உரிமை உண்டு!