குடியில்லாக் குடிமக்கள்

செஞ்சிக் கோட்டைக்கு உலகப் பெருமை வந்து சேர்ந்துவிட்டது. 2025-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் யுனெசுகோ அமைப்பு அதனை உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது. எப்பெயரால்? மராட்டியப் படைத்துறை நிலக்காட்சிகள் என்னும் பெயரால்! அவ்வரிசையிலுள்ள பன்னிரண்டு கோட்டைகளுள் தமிழ்நாட்டிலிருப்பது இஃதொன்றே. அதனை எழுப்பத் தொடங்கியவர் ஆனந்தக்கோன் முதலான கோனார் குடியினர் என்பது வழிவழியாக அறியப்பட்ட செய்தி. சிவாசி அதைக் கைப்பற்றியது 1677-இல். முகலாயர் பறித்துக்கொண்டது 1698-இல். இருபத்தோராண்டு வைத்திருந்தவன் பெயர் உலகேட்டில் ஏறிற்று. எழுப்பினவன் பெயர் ஏறவில்லை. அப்பெயர்க்கேடு தனியே பேசத்தக்கது. இங்குப் பேச வேண்டுவது அக்கோட்டை மலைகளின் நிழலிலேயே படுக்க ஒரு முழ நிலமின்றித் திரியும் தமிழனைப் பற்றி.

நடுவணரசின் 1958-ஆம் ஆண்டுத் தொல்லியல் சட்டம் 2010-இல் திருத்தப்பட்டது. அதன்படி, காக்கப்பட்ட இடத்தின் எல்லையிலிருந்து நூறு மீட்டர் வரை புதுக்கட்டடம் எதுவும் எழுப்பலாகாது. அதற்கப்பால் மேலும் இருநூறு மீட்டர் வரை இசைவு பெற்றே கட்டலாம். பழஞ்சுவரைப் பழுதுபார்க்கவும் இசைவு வேண்டும். கோட்டையைக் காத்தல் தவறென்று தமிழுணர்வுள்ள எவனும் சொல்லான். கல்லிலே தங்கிய வரலாற்றைக் காவாத இனம் தன்னையும் காத்துக்கொள்ளாது. ஆயின் அந்த நூறு மீட்டருக்குள் பொருள் படைத்தவன் அகப்பட்டால் வேறோரிடத்தில் மனை வாங்கிக்கொண்டு போவான். கீற்றைக் களைந்து கற்காரைக் கூரை போட நினைக்கும் கூலியாள் எங்கே போவான்? கல்லுக்கு வேலி வகுத்த சட்டம், அவ்வேலிக்குள் சிக்கியவனுக்கு மாற்றிடம் தருவதையும் தன் கடமையென எழுதிக்கொண்டிருக்க வேண்டும்.

அந்நிலப்பகுதி முழுவதுமே கல்லிற் குடைந்த வீடுகளுக்குப் பேர் போனது. மண்டகப்பட்டில் முதலாம் மகேந்திரன் வெட்டுவித்த கல்வெட்டு, செங்கல்லின்றி, மரமின்றி, மாழையின்றி, சுண்ணமின்றிக் கடவுளர்க்கு இடம் சமைத்ததாகப் பெருமை பேசுகின்றது. அவனே சீயமங்கலத்திலும் ஒரு குன்றைக் குடைவித்து, அவனிபாசனப் பல்லவேச்சுரம் எனத் தன் பட்டப்பெயரையே அதற்கு இட்டான். ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக அத்தூண்கள் அசையவில்லை. அப்பகுதி ஏரிக்கரைகளிலும் ஓடையோரங்களிலும் இருளர் குடும்பங்கள் இட்டுக்கொண்டிருக்கும் குடில்களைக் காண்க. அவற்றிலும் செங்கல் இல்லை, மாழை இல்லை, சுண்ணம் இல்லை. மரமென்று சொல்லத்தக்கதும் இல்லை, வேலிக்கழிகளே உள்ளன. மேலே தார்ப்பாய். மன்னவன் வியந்துகொண்ட அருஞ்செயலை இவர்கள் ஒவ்வொரு மழைக்குப் பின்னும் செய்துகொண்டிருக்கின்றனர். எக்கல்வெட்டும் அதைப் பொறிக்கவில்லை.

தமிழில் குடி என்னும் சொல் வீட்டையும் குறிக்கும், குடும்பத்தையும் குறிக்கும், நாட்டு மக்களையும் குறிக்கும். குடிசை, குடியிருப்பு, குடிமகன், குடியரசு யாவும் அவ்வேரிற் கிளைத்தவையே. குடியிருக்க இடமுள்ளவனே குடிமகன் என்பது சொல்லுக்குள்ளேயே பொதிந்து கிடக்கும் அரசியல். புறம்போக்கு என்னும் சொல்லையும் எண்ணுக. ஊர்ப்பொதுவுக்கென வரிக்கணக்கின் புறத்தே விடப்பட்ட நிலத்திற்கு அது பெயர். மேய்ச்சலும் களமும் ஏரியும் சுடுகாடும் அதில் அடங்கும். அப்பொதுநிலத்தில் ஒண்டியவனையே இன்று அச்சொல்லால் வைகின்றனர். நிலத்தின் பெயர் ஆளின் மேல் வசையாக ஏறியது எத்தகைய குமுகாயத்தில் நிகழும்?

ஏழையர்க்கு வீடு கட்டித்தரும் திட்டங்கட்குக் குறைவில்லை. 1985-இல் இந்திரா பெயரில் ஒன்று. 2010-இல் தமிழக அரசு, இருபத்தோரிலக்கம் குடிசைகளைக் கற்காரை வீடுகளாக்குவதாகக் கூறி வீடொன்றுக்கு 75,000 உருபா அறிவித்தது. ஆட்சி மாறியதும் அத்திட்டம் பெயரோடு மறைந்தது. 2011-இல் பசுமை வீடு வந்தது, முந்நூறு சதுர அடி, 1.80 இலக்கம் உருபா. 2016-இல் நடுவணரசு பழைய இந்திரா திட்டத்தைப் பிரதான் மந்திரி ஆவாசு யோசனா என்று மாற்றியது. அப்பெயரை வாயால் ஒருமுறை ஒழுங்காகச் சொல்ல, அதனால் பயன்பெற்ற செஞ்சி வட்டாரத்துக் கிழவிக்கு இயலுமா? வீட்டுக்கு நடுவணரசு தந்தது 72,000 உருபா. கூரைச் செலவைத் தமிழகம் கூட்டியபின் மாநிலத்தின் பங்கு 1,68,000 உருபா. இரு மடங்கிற்கு மேல் தமிழன் வரிப்பணம். பலகையில் இந்திப் பெயர்! 2024-இல் கலைஞரின் கனவு இல்லம் தொடங்கப்பெற்றது. 2030-க்குள் எட்டிலக்கம் வீடுகள், ஒவ்வொன்றுக்கும் 3.50 இலக்கம் உருபா என்றனர்.

தொகை ஆட்சிக்கு ஆட்சி வளர்ந்துள்ளது, மறுப்பதற்கில்லை. ஆயினும் இவையனைத்துக்கும் பொதுவான ஒரு வாயிற்படி உண்டு. கூரை வேய உதவும் அரசு, முதற்கண் மனை உன்னுடையதா என்று கேட்கின்றது. மனைப்பட்டயம் (அலுவலகங்கள் அதனைப் பட்டா என்றே வழங்கும்) இல்லையெனின் வேண்டுகைத்தாள் திரும்பிவிடும். பட்டயம் உள்ளவனுக்கும் இன்னொரு தடை. அடித்தளம் எழும்பிய பின் ஒரு பகுதி, கூரை மட்டம் வந்தபின் ஒரு பகுதி எனப் பணம் கட்டுமானத்தின் பின்னாலேதான் வரும். முதலிற் செலவிட்டவனே பெறுவான். அன்றாடங்காய்ச்சியிடம் முதல் ஏது? வட்டிக்காரனிடம் போகின்றான், சுவர் பாதியிற் நிற்கின்றது, கடன் முழுதாய் வளர்கின்றது.

இனி, ஏரிக்கரையிற் குடியிருப்போனுக்குப் பட்டயம் என்றுமே கிட்டாது. நீர்நிலைகளைக் காக்கவும் வன்கவர்வை அகற்றவும் 2007-இல் தமிழகம் தனிச்சட்டமே இயற்றியது. ஏரி காக்கப்பட வேண்டியதே. ஆனால் அவ்வேரியை உண்மையில் விழுங்கிய பேருந்து நிலையங்களும் அரசுக் கட்டடங்களும் அசையாமல் நிற்க, எலி பிடித்தும் மீன் பிடித்தும் செங்கற்சூளையில் உழன்றும் வாழ்கின்ற இருளரின் நான்கு கழிகளே முதலிற் பிடுங்கப்படுகின்றன. திண்டிவனத்துப் பேராசிரியர் கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் ஆண்டுக்கணக்காக அலுவலகப் படிகளில் ஏறியிறங்கிப் போராடுவது இச்சிறு மனைக்காகவும் சாதிச்சான்றுக்காகவுமே.

இக்கேடு இன்று நேற்றையதன்று. செங்கற்பட்டு ஆட்சியராயிருந்த திரமென்கீர் 1891-இல் வெள்ளையரசுக்கு எழுதிய அறிக்கையில், ஒடுக்கப்பட்ட மக்கள் குடியிருக்கும் மனையும் மிராசுதாரர் கைப்பிடியிலிருப்பதையும், எதிர்த்துக் கூலி கேட்டால் மனையை விட்டே துரத்தப்படுவர் என்னும் அச்சம் அவர்களைக் கட்டிவைத்திருப்பதையும் எடுத்துக்காட்டினார். அதன் விளைவே 1892-ஆம் ஆண்டின் பஞ்சமி நில ஆணை. மனை எவன் கையிலோ, மனிதன் அவன் கையில்! 1971-இல் தமிழக அரசு இயற்றிய குடியிருப்புச் சட்டம், நிலக்கிழார் நிலத்தில் குடிசையிட்டிருந்த உழவுத் தொழிலாளர்க்கு அம்மனையை உரிமையாக்கியது. அண்மைக் காலத் தமிழகச் சட்டங்களுள் உண்மையிலேயே ஏழையின் காலடியில் மண்ணை வைத்த சட்டம் அது.

ஊரில் மண்ணில்லாதவன் நகருக்குப் போகின்றான். சேலத்துத் தமிழர் ஒருவர், வறட்சியால் வேலையற்று, 1961-இல் பம்பாய் சென்றார். நாட்கூலி 23 உருபா. நடைபாதையில் ஒரு நெகிழித்தாள் மறைப்புக்கு அங்கிருந்த சேரித்தலைவன் ஒருவன் அவரிடம் 2,500 உருபா பறித்தான். 1981-இல் காவலர் அதையும் இடித்துக் குடும்பத்தோடு சேலத்துப் பேருந்தில் ஏற்றினர். மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு அவர் மீண்டும் அதே நடைபாதைக்குத் திரும்பினார். வேலை அங்கேதானே இருந்தது! இவ்வழக்கில்தான் 1985-இல் உச்ச அறமன்றம், பிழைப்புரிமை வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்புரைத்தது. உரைத்துவிட்டு, நடைபாதையினின்று அகற்றும் உரிமை நகராட்சிக்கு உண்டென்றும் முடித்தது.

சென்னையிலோ, 1970-இல் குடிசை மாற்று வாரியம் கண்ட அரசு, தொடக்கத்தில் குடிசைகள் இருந்த இடத்திலேயே அடுக்குவீடுகள் எழுப்பியது. 2000-க்குப் பின் போக்கு மாறிற்று. கூவத்தின் கரைகளிலிருந்தோர் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் வண்டியேற்றப்பட்டனர். பெயர் சூட்டுவதில் குறையில்லை. அங்கிருந்து நகருக்குள் வீட்டுவேலைக்குப் போகும் பெண்ணின் கூலியிற் பெரும்பகுதி வழிச்செலவாயிற்று. குடிக்கூலி இல்லாத வீடு, போக்குவரத்துக் கூலியால் தின்னப்பட்டது.

நிலம் இல்லை என்று அரசு சொல்லுமாயின் கணக்கிட்டுப் பார்க்கலாம். குடும்பத்துக்கு மூன்று செண்டு வீதம் எட்டிலக்கம் வீடுகட்கு வேண்டுவது இருபத்துநாலாயிரம் ஏக்கர். சீயமங்கலம் இருக்கும் திருவண்ணாமலை மாவட்டத்தில், செய்யாறு தொழிற்பேட்டையின் மூன்றாம் விரிவுக்கென 3,174 ஏக்கர் எடுக்க முற்பட்டது அரசு. மேல்மா உழவர்கள் மறுத்தனர். 2023-இல் அவருள் எழுவர் மேல் குண்டர் சட்டம் பாய்ந்தது. அம்மூவாயிரத்துச் சொச்சத்தை மும்மூன்று செண்டாகப் பிரித்தால் ஓரிலக்கத்துக்கு மேற்பட்ட குடும்பங்கட்கு மனையாகும். உழவன் வாயிலிருந்து பிடுங்கி ஏழைக்குத் தருக என்பதன்று இதன் பொருள். தொழில் முதலாளிக்கென்றால் ஆயிரக்கணக்கில் நிலம் தேடும் கண், மூன்று செண்டைத் தேடுங்கால் மட்டும் மங்குவதேன் என்பதே வினா. ஆதித்திராவிடர் மனைகட்கு விரைந்து நிலமெடுக்க 1978-இல் இயற்றிய சட்டம் ஒன்று தமிழகத்தின் ஏட்டிலே உண்டு. தொழிலுக்கு நிலமெடுக்க 1997-இல் இயற்றிய சட்டமும் உண்டு. பின்னது செய்யாற்றில் விழித்திருக்கின்றது. முன்னதை எந்த வட்டாட்சியர் அலுவலகத்தில் எத்தனை கோப்புகளில் எழுப்பியுள்ளனர் என்பதைச் செஞ்சித் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் வரும் கூட்டத்தொடரிலேயே கேட்கட்டும்.